தேயிலைத் தரகருக்கு வந்த மண் காய்ச்சல்

1927ஆம் ஆண்டு இலங்கையில் ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகருக்கு வந்த நோயைப் பற்றி டென்னி, நிக்கல்ஸ் என்ற இருவர் எழுதி வெளியிட்டார்கள். மெலியொய்டோசிஸ் என்ற நோய் இந்தத் தீவில் பதிவானது அதுவே முதல் தடவை. தரகர் கொழுந்து பறிப்பவரல்ல, கான் வெட்டுபவருமல்ல. தேயிலையைப் பார்த்து, ருசித்து, விலை பேசுபவர். அவருக்கு வந்ததும் அது ஆய்வுக் கட்டுரையாகிவிட்டது. அதே காலத்தில் வருஷம் பூராவும் வெறுங்காலோடு மலையில் நின்ற சனத்துக்கு அது வந்திருந்தால் யார் எழுதியிருப்பார்கள்? 'காய்ச்சலில் போய்விட்டார்' என்பதோடு அவர்கள் கதை முடிந்திருக்கும் என்பதுதான் என் எண்ணம்.

நோயைக் கொடுக்கும் பக்டீரியாவின் பெயர் பர்கோல்டேரியா சூடோமாலியை. அப்புத்தளைக் கடைத்தெருவில் என்னோடு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த மாமா, கவ்வாத்து வெட்டி ஓய்வுபெற்றவர், இந்தப் பெயரைக் கேட்டதும் கையை அசைத்தார். "அதெல்லாம் வாயில நுழையாதுப்பா. கிருமின்னே சொல்லு. எங்க இருக்கு, எப்படி வருது, வந்தா என்னா செய்யணும், அத சொல்லு." நல்ல வரிசை. அப்படியே போகிறேன்.

இருப்பது மண்ணில். டெங்குவுக்கு நுளம்பு வேண்டும், எலிக்காய்ச்சலுக்கு எலி வேண்டும். இதற்கு நடுவில் யாரும் வேண்டாம். ஈரக் களிமண், நெல் வயல், புல் வேரடி, தேங்கிய தண்ணீர் ஆகியவைதான் இதன் சொந்த வீடு. தாய்லாந்தில் மண்ணைச் சோதிக்கிறவர்கள் 30 சென்டிமீற்றர் ஆழத்துக்குத் தோண்டித்தான் மண் எடுப்பார்கள். மேல் மண் வெயிலில் காயும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரும் இதைக் கொல்லும். அதனால் வெயில் காலத்தில் கீழே ஈரம் இருக்கிற ஆழத்தில் கிடக்கும். மழை பிடித்து நிலத்தடி நீர் ஏறும்போது தானும் மேலே வரும். நோயாளிகளும் உலகமெங்கும் மழைக்காலத்தை ஒட்டித்தான் வருகிறார்கள்.

ஈரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. நூற்றுக்கு 10 பங்குக்கும் குறைவாகத் தண்ணீர் இருந்த மண்ணில் கிருமி 70 நாளோடு சரி. 40 பங்குக்கு மேல் ஈரம் இருந்த மண்ணில் 726 நாள், அதாவது இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக, உயிரோடு இருந்தது. இதைவிட ஆச்சரியம் தாய்லாந்து ஆய்வுகூடம் ஒன்றில் நடந்தது. உப்பில்லை, சத்தில்லை, வெறும் வடித்த தண்ணீர். அதற்குள் விட்டு மூடி வைத்த கிருமி 16 வருஷம் கழித்தும் சாகவில்லை.

"வெறுந் தண்ணியில என்னத்தப்பா திங்கும்?" என்றார் மாமா.

ஏறக்குறைய ஒன்றுமேயில்லை. உள்ளே நடக்கிற வேலையையெல்லாம் குறைத்துக்கொண்டு, பெருகாமல், சும்மா காலம் தள்ளும். நல்ல மண்தான் வேண்டும் என்ற பிடிவாதமும் இதற்கில்லை. வடகிழக்குத் தாய்லாந்தில் வயல் மண்ணைச் சோதித்தபோது சத்துக் குறைந்த, இரும்புக் குறைந்த மண்ணிலேதான் இது கூடுதலாக அகப்பட்டது. மற்ற நுண்ணுயிர்கள் வயிறு காய்ந்து ஒதுங்குகிற இடத்தில் இது தாக்குப்பிடிக்கிறது. சற்றுப் புளித்த மண்ணும் இதற்கு ஒத்துப்போகும். இதமான சூடு பிடிக்கும். குளிர் ஏற ஏறப் பெருக்கம் மந்தமாகும்.

இந்தச் சாமர்த்தியத்துக்குக் காரணம் அதன் மரபுச் சரக்கு. 2004இல் பிரிட்டனின் சாங்கர் நிறுவனத்தார் முன்னின்று, தாய்லாந்து நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமியின் மரபணுத் தொகுதியை முழுக்க வாசித்து வெளியிட்டார்கள். சுமார் 72 லட்சம் எழுத்து. ஆய்வுகூடங்களில் வளர்க்கும் சாதாரண ஈகோலைக்கு 46 லட்சம்தான். அதுவும் ஒரே கட்டாக இல்லாமல் இரண்டு நிறமூர்த்தங்களாக இருக்கிறது. பெரியதில் அன்றாடச் சீவியத்துக்கு வேண்டியவை. சின்னதில் இடம் மாறினால், காலம் கெட்டால் உதவுபவை கூடுதலாக. தோட்டத்துச் சில்லறைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு தினமும் போகும். லாம்பு சிம்னியும் குதிரை லாடமும் வருஷத்தில் ஒருநாள்கூடப் போகாது. ஆனாலும் முதலாளி அதை எறியமாட்டார், ஒருநாள் யாராவது கேட்டு வருவார்கள். இந்தக் கிருமியும் அப்படித்தான். எத்தனையோ விதமான உணவைச் சிதைக்கும் நொதிகள், உள்ளே வந்த மருந்தைத் திருப்பி வெளியே தள்ளும் பம்புகள், பக்கத்துக் கிருமியை அடிக்கும் நஞ்சுகள், எல்லாம் கைவசம். மற்ற உயிர்களிடமிருந்து கடன் வாங்கிய துண்டுகளும் அந்தத் தொகுதியில் 16 இடங்களில் இருப்பதாக அதே ஆய்வு காட்டியது.

குதிரை லாடத்தைச் சும்மா இழுக்கவில்லை. இதற்குக் குதிரையோடு ஓர் உறவு உண்டு. பர்கோல்டேரியா மாலியை என்ற கிருமி குதிரைகளுக்கு நாசிப் புண் நோயைக் கொடுப்பது. அது நம்முடைய மண் கிருமியின் வம்சத்திலிருந்து பிரிந்துபோன ஒரு கிளை. எப்போதோ ஒரு விலங்கின் உடம்புக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. உள்ளே சாப்பாடும் சூடும் நிச்சயம் என்றானபின் பழைய சரக்கெல்லாம் எதற்கு? கொஞ்சங்கொஞ்சமாகக் கழித்துவிட்டது. இன்று அதன் மரபணுத் தொகுதி 58 லட்சம் எழுத்துதான். நீந்தும் திறனும் போய்விட்டது. மண்ணில் விட்டால் நெடுநாள் பிழைக்காது. ஒரே குடும்பத்தில் சுமந்து திரிந்தவன் எங்கும் வாழ்கிறான், பாரம் குறைத்தவன் குதிரையை நம்பி இருக்கிறான். தகவமைப்பு என்று பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த இரண்டையும் முதலில் பிரித்துப் பார்த்ததில் கிருஷ்ணசாமி என்ற பெயர் வருகிறது. 1911இல் ரங்கூன் பொது வைத்தியசாலையில் அல்பிரட் விட்மோர் என்ற நோயியல் மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிரேதப் பரிசோதனைகளில் ஒரு வினோதத்தைக் கண்டார்கள். நுரையீரலிலும் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க் கட்டிகள். செத்தவர்களில் பலர் மோர்பின் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமுள்ள, ஆதரவற்ற ஏழைகள். குதிரை நோயைப் போலிருந்தது. ஆனால் உருப்பெருக்கிக்கு அடியில் இந்தக் கிருமி ஓடியது. குதிரைக் கிருமி நகராது. அகார் தட்டில் இது வேகமாகவும் செழிப்பாகவும் வளர்ந்தது. கினிப் பன்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, இது வேறு, புதியது என்று 1912இல் 'இந்தியன் மெடிக்கல் கசெட்' இதழில் எழுதினார்கள். அன்றைய ரங்கூனில் இந்தியர்களே பெரும்பான்மை, அதில் தமிழர் ஏராளம். நோய்க்கு 'விட்மோர் நோய்' என்று பெயர் நிலைத்தது. கிருஷ்ணசாமியின் பெயர் அடிக்குறிப்போடு நின்றது. உதவியாளர்களுக்கு வழமையாக நடப்பதுதான்.

சரி, மண்ணில் கிடப்பது மனிதனுக்குள் எப்படி வருகிறது? மூன்று வழி. காலிலோ கையிலோ உள்ள கீறல், வெடிப்பு, புண் வழியாக. கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிப்பதால். பெருமழை, சூறாவளி நேரங்களில் காற்றில் எழும் நீர்த்துளியை, புழுதியைச் சுவாசிப்பதால். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லயத்தில் ஒரு காம்பராவில் ஒருவருக்குக் கசநோய் என்றால் கோப்பையைத் தனியாக வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த நோய்க்கு அதற்கு இடமேயில்லை.

உள்ளே வந்தபின் அது செய்வதுதான் விசித்திரம். சாதாரணக் கிருமியை வெள்ளையணு விழுங்கிச் செரித்துவிடும். இதை விழுங்கினால், அடைத்து வைத்த பையை உடைத்துக்கொண்டு அணுவுக்குள்ளேயே வெளிவந்து அங்கேயே பெருகும். பின்பு பக்கத்து அணுவோடு இந்த அணுவை ஒட்டவைத்து, இரண்டையும் ஒன்றாக்கி, இரத்தத்துக்கு வராமலே அடுத்த இடத்துக்குப் போய்விடும். மண்ணில் மனிதர் இல்லாத காலத்திலும் இதை விழுங்க வந்த அமீபாக்கள் இருந்தன. அவற்றிடமிருந்து தப்பிப் பழகிய வித்தைதான் நம் வெள்ளையணுவிடமும் செல்லுபடியாகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நியாயமாகவே தோன்றுகிறது. நம்மை வேட்டையாட வேண்டிய அவசியம் இதற்கில்லை. நாம் வழியில் அகப்பட்டவர்கள்.

அகப்பட்ட எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை. நல்ல உடம்பு பெரும்பாலும் சமாளித்துவிடும். யாருக்கு வருகிறது என்று பார்த்தால் முதலிடம் சீனி வருத்தத்துக்கு. பல நாட்டுக் கணக்குகளில் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் சீனி வருத்தக்காரர்கள். இரத்தத்தில் சீனி கட்டுப்பாடில்லாமல் இருந்தால் வெள்ளையணுவின் வேகம் குறைகிறது. அடுத்தது சிறுநீரக வியாதி, மிதமிஞ்சிய குடி, தலசீமியா. மண் பட்டதிலிருந்து காய்ச்சல் தொடங்க ஒரு நாளிலிருந்து மூன்று கிழமை வரை ஆகலாம். சிலருக்கு வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கும். பர்மா - சயாம் ரயில் பாதையில் யப்பானியரின் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 வருஷம் கழித்து நோய் வெளிப்பட்டதாக மருத்துவ ஏட்டில் பதிவு இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே பாதை.

"அப்போ டொக்டருங்க ஏன் இத பேசுறதே இல்ல?"

கண்டுபிடிப்பது கஷ்டம், மாமா. ஒருவருக்கு நியூமோனியா போல வரும். இன்னொருவருக்குத் தொடையில் கட்டி. மற்றவருக்கு மாதக்கணக்கில் இருமல், மெலிவு, பார்த்தால் கசநோய் என்றே தோன்றும். சளியில் கசக் கிருமி அகப்படாவிட்டாலும் அந்த மருந்தையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தாய்லாந்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கன்னத்துச் சுரப்பி வீங்கி வருவது சகஜம். நிச்சயப்படுத்த ஒரே வழி, இரத்தத்தையோ சீழையோ எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்ப்பது. அங்கேயும் சிக்கல். ஓரிரு நாளில் தெரியும் வெளிறிய புள்ளிகளைப் பார்த்து, வெளியிலிருந்து விழுந்த ஏதோ மண் பக்டீரியா என்று தட்டைத் தூக்கிப் போட்டுவிட முடியும். சில நாள் பொறுத்தால்தான் புள்ளிகள் சுருங்கி மடிப்பு மடிப்பாகும். ஈர மண் வாசமும் வரும். முகர்ந்து பார்ப்பது ஆபத்து என்று ஆய்வுகூடங்களில் தடுத்திருக்கிறார்கள்.

இலங்கையில் இந்தப் பொறுமை தாமதமாகத்தான் வந்தது. தரகருக்குப் பின் பல பத்தாண்டுகளாக இங்கொன்று அங்கொன்று. இங்கே சுற்றுலா வந்து ஊர் திரும்பிய வெளிநாட்டவர் சிலருக்கு அங்கே கண்டுபிடித்தார்கள். அங்கே போய் வெளிப்பட்டது இங்கே இல்லாமலா இருக்கும்? கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து நுண்ணுயிரியலாளர் எனோக்கா கொரெயாவும் அவரோடு சேர்ந்தவர்களும் நாடு முழுவதுமுள்ள வைத்தியசாலைகளிலிருந்து சந்தேகத்துக்குரிய கிருமிகளை வரவழைத்துச் சோதித்தார்கள். 2006 முதல் 2017 மே வரை 250 பேரிடம் கிருமியை வளர்த்து உறுதிசெய்தார்கள். நோய் தீவு முழுக்கப் பரவிக் கிடக்கிறது என்பது அந்த வேலையின் முடிவு. தேடினார்கள், கிடைத்தது. தேடாத காலத்தில் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இந்தியாவிலும் இதே கதைதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் மணிப்பாலும் கவனமாகத் தேடியதால் அங்கே நோயாளிகள் தெரியவந்தார்கள். 2016இல் வந்த ஒரு கணிப்பு, உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள், நோயாளிகளில் நூற்றுக்கு 44 பேர் தெற்காசியாவில் என்றது. எண்ணிப் பார்த்த கணக்கல்ல அது, மண், மழை, மக்கள் தொகையை வைத்துப் போட்ட மதிப்பீடு. ஆனாலும் அந்த 44இல் நாமும் அடக்கம்.

இந்தக் கிருமி எவ்வளவு தூரம் ஒத்துப்போகும் என்பதற்கு இன்னொன்று. 2021இல் அமெரிக்காவில், வெளிநாடு போயேயிராத நாலு பேருக்கு, நாலு வெவ்வேறு மாநிலங்களில் இந்த நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். கிருமியின் மரபுச் சாயல் தெற்காசியாவைக் காட்டியது. தேடித் தேடிக் கடைசியில், இந்தியாவில் தயாரான ஓர் அறை வாசனைத் தெளிப்பான் போத்தலில் கண்டுபிடித்தார்கள். லவெண்டர் எண்ணெயும் அலங்காரக் கற்களும் போட்ட போத்தல். வயல் சேற்றுக்கும் வாசனைப் போத்தலுக்கும் இதற்கு வித்தியாசமே தெரியவில்லை!

இனி நம்ம ஊர். அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே. இரவில் நல்ல குளிர். இதம் தேடும் கிருமிக்கு இந்த உச்சி அவ்வளவு தோதான இடமல்ல. ஆனால் நம் சனம் உச்சியிலேயே இருப்பதில்லை. பெரகலைச் சந்தியில் திரும்பி, கொஸ்லந்தையைத் தாண்டி, பஸ் இறங்கினால் வெல்லவாய. அங்கே வயலும் வெப்பமும். வெட்டுக்கும் விதைப்புக்கும் கீழே போகிறவர்கள் உண்டு. தோட்டத்தில் பேர் குறைந்த நாட்களில் வெலிமடைப் பக்கம் கிராமத்து வயலுக்கு, உருளைக்கிழங்குப் பாத்திக்குக் கைக்காசுக்குப் போகிறவர்களும் உண்டு. ஒரு போகம் நெல், மறு போகம் கிழங்கு என்று அந்த நிலத்தில் ஈரம் காய்வதேயில்லை.

தோட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை பிடித்தால் தை வரைக்கும் விடாது. இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, றப்பர் செருப்போடு, நிரைக்குள் இறங்குகிற பெண்களின் கணுக்காலைப் பார்த்திருக்கிறீர்களா? அட்டை கடித்த இடம், கவ்வாத்துக் குச்சி கிழித்த இடம், பித்த வெடிப்பு. கான் வெட்டுகிற ஆண்கள் முழங்கால் அளவுச் சேற்றில். வீட்டுக்கு வந்தால் பீலித் தண்ணீர், அதிலும் மழைக்காலத்தில் மண் கலங்கி வரும். இதோடு சீனி வருத்தம். முன்பு தோட்டங்களில் அதிகம் கேள்விப்படாதது. இன்று கிளினிக் நாளில் கொப்பியோடு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தாலே தெரியும்.

மழைக்குப் போடும் பூட்ஸ் சொகுசல்ல, வேலைக்குரிய சாமான் என்பதுதான் என் தீர்மானமான கருத்து. கத்தியும் கூடையும் எப்படிக் கொடுக்கப்படுகின்றனவோ அப்படிக் கொடுக்கப்பட வேண்டியது. மாமா சிரித்தார். "பூட்ஸ் போட்டுக்கிட்டு செங்குத்து மலையில ஏறிப்பாரு, அப்ப தெரியும்." உண்மைதான், வழுக்கும். அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கிற பூட்ஸ் வேண்டும். அது கிடைக்கும்வரை புண்ணை மூடிக் கட்டி, வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதாவது நம் கையில் இருக்கிறது. குடிதண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி செத்துப்போகும், அதில் சந்தேகமேயில்லை. சீனி வருத்தம் உள்ளவர்கள் புண்ணோடு சேற்றில் இறங்கக்கூடாது.

மருந்து இருக்கிறது. ஆனால் காய்ச்சலென்றதும் டிஸ்பென்சரியில் கிடைக்கும் அமொக்சிசிலின் குளிசை இதற்குப் பிடிக்காது. பெனிசிலின் வகைகள் பலவும் ஜென்டமைசினும் அப்படியே. மண்ணில் மற்ற நுண்ணுயிர்கள் சுரக்கும் நஞ்சுகளுக்கு நடுவே பழகிய உடம்பு அதற்கு. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியைக் குறைந்தது 10 முதல் 14 நாள், பின்பு கோட்ரைமொக்சசோல் குளிசையை மூன்று மாதம். ஊசி முடிந்ததும் காய்ச்சல் விட்டுவிடும், ஆளும் வேலைக்குப் போய்விடுவார், குளிசை அலுமாரியில் கிடக்கும். நோய் திரும்பி வருவது பெரும்பாலும் அங்கேதான். நாட்சம்பளக்காரருக்கு மூன்று மாதம் நீளம் என்பது தெரியும். குளிசையை வேலைக்குப் போய்க்கொண்டே குடிக்கலாம். நிறுத்த மட்டும் கூடாது. கவனமாகச் சிகிச்சை செய்கிற வட அவுஸ்திரேலியாவில் பத்தில் ஒருவர் இறந்தால், வசதி குறைந்த இடங்களில் பத்தில் நாலு பேர் வரை இறக்கிறார்கள்.

ஆகவே, வீட்டில் சீனி வருத்தமோ சிறுநீரக வியாதியோ உள்ள ஒருவருக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, சாதாரண மருந்துக்கு இறங்காவிட்டால், தியத்தலாவைக்கோ பதுளைக்கோ கொண்டுபோங்கள். வார்ட்டில் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்: "இவருக்குச் சீனி இருக்கிறது, மண் வேலை செய்கிறவர்." அன்டிபயோட்டிக் தொடங்குமுன் இரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுப்பீர்களா என்று கேளுங்கள்.